துக்க வீட்டு வாசலில் ஆடிய தாத்தா

அன்பு மகனே,

நேற்று நீ போனை வைத்த பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. “இங்க எல்லாம் அழகாத்தான் இருக்கும்மா. தெருவெல்லாம் விளக்கு, ஜன்னலுக்கு ஜன்னல் ஸ்டார். ஆனா எனக்கு ஒண்ணுமே தோணல. கிறிஸ்மஸ் வரப்போற மாதிரியே இல்ல” என்றாய். ஜெர்மனியில் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறதாம். பக்கத்துக் கதவுக்காரர் பேர்கூட உனக்குத் தெரியாதாம். வேலை முடிந்து வந்து ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுத்துவிடுகிறாயாம். மறைமலை நகர் தொழிற்சாலையில் உன்னைத் தேர்ந்தெடுத்து அனுப்பியபோது நீ குதித்த குதி என்ன, இப்போது பேசுகிற பேச்சு என்ன! “கொழுப்புடா உனக்கு” என்று நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். போனில் திட்டினால் நீ “சரிம்மா, சரிம்மா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை நம் பங்குக் கோயில் மலரிலும் போடக் கொடுக்கப்போகிறேன். கிறிஸ்மஸ் அன்று மலர் வரும்போது ஊருக்கே விஷயம் தெரிந்துவிடும். தெரியட்டுமே, எனக்கென்ன பயம்?

உனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று நீ சொன்னதை என்னால் நம்ப முடியவில்லை. சந்தோஷம் எங்கே கிடைக்கும் என்று மோப்பம் பிடித்துப் போய் எடுத்துவருகிற பிள்ளை நீ. வெள்ளம் வந்த வருடத்தை நினைத்துப் பார். முடிச்சூரில் நம் வீட்டுக்குள் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியபோது எதிர்வீட்டுக் காதர் பாய்தான் நம் மூவரையும் தன் மாடிக்கு இழுத்துக்கொண்டார். தெருவில் பாதிப் பேர் அங்கேதான் தார்ப்பாய்க்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தோம். திருவருகைக் காலத்தின் முதல் வாரம் அது. இயேசு பாலன் வருகைக்குக் காத்திருக்க வேண்டியவர்கள் படகு வருகைக்குக் காத்திருந்தோம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நீ திடீரென்று எழுந்து நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு, தாம்பரம் ஸ்டேஷன் ஒலிபெருக்கிக் குரலில் அறிவித்தாய்: “பயணிகளின் கனிவான கவனத்திற்கு! முடிச்சூரிலிருந்து தாம்பரம் வரை செல்லும் படகு, இன்னும் சற்று நேரத்தில், காதர் பாய் மாடி, முதலாவது நடைமேடைக்கு வந்து சேரும்!”

உன் அப்பா பல்லைக் கடித்தார். “டேய், நேரங்காலம் கிடையாதா உனக்கு?” என்றார். ஆனால் காதர் பாயின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கத் தொடங்கியதும் ஒவ்வொருவராகச் சிரித்து, கடைசியில் முப்பது வருடம் ரயில்வேயில் இருந்த உன் அப்பாவுக்கே பொறுக்கவில்லை. “பிளாட்பாரத்தைச் சரியா சொல்லுடா, சனங்க தப்பான படகுல ஏறிடப் போறாங்க” என்றார். அன்றைக்குத் தண்ணீர் ஒரு அங்குலம்கூட வடியவில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் ஒருவர் பையிலிருந்து பிஸ்கட் வெளியே வந்தது, இன்னொருவர் பையிலிருந்து பால் பவுடர் வந்தது. அதுவரை எல்லோரும் தங்கள் பையை இறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம், நானும்தான்.

அப்படிப்பட்ட அப்பாவைப் போன வருடம் வெயில் காலத்தில் பறிகொடுத்தோம். காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. கிறிஸ்மஸ் நெருங்கியபோது ஜெசி அத்தை வந்தாள். உன் அப்பாவின் ஒரே தங்கை, நமக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள், அவள் வாய்ச்சொல் நம் குடும்பத்துக்குச் சட்டம். “அண்ணி, வருஷம் திரும்புற வரைக்கும் ஸ்டார் கட்டக்கூடாது. குடில் வெக்கக்கூடாது. கேக்கு கீக்குன்னு எதுவும் கூடாது. எங்க அண்ணன் போன வீடு” என்று கறாராகச் சொன்னாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. நம் பக்கத்து வழக்கம்தான் அது. அவளும் அண்ணனை இழந்து அரை ஆளாகத்தான் இருந்தாள். உண்மையைச் சொன்னால், அந்த வழக்கம் எனக்கு வசதியாகவே இருந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். பாட்டை விட்டேன். யார் வந்தாலும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போய்விட்டேன். சிரிப்பு என்பது எனக்கு இனிமேல் கிடையாது, அதை அவரோடு சேர்த்துப் புதைத்தாயிற்று என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன். நீயும் என்னென்னவோ செய்து பார்த்தாய். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து பிரியாணி வாங்கி வந்தாய், ஆபீஸில் மேனேஜர் நடக்கிற மாதிரி நடந்து காட்டினாய். எதற்கும் நான் மசியவில்லை.

பிறகு அந்த மூன்றாம் ஞாயிறு வந்தது. ஊதா மெழுகுவர்த்திகளுக்கு நடுவே ரோஸ் நிற மெழுகுவர்த்தியை ஏற்றுகிற மகிழ்ச்சி ஞாயிறு. ஃபாதர் பிரசங்கத்தில் மகிழுங்கள், மகிழுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். “சுவிட்சைப் போட்டா வர்றதுக்கு இது என்ன மிக்ஸியா?” என்று உன் காதில் முணுமுணுத்தேன். நீ பதில் சொல்லாமல் உதட்டை மடித்துக்கொண்டாய். நீ பேசாமல் இருந்தால் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து கட்டிலில் கொட்டினாய். சிவப்புச் சட்டை, சிவப்புக் கால்சட்டை, பஞ்சுத் தாடி, கன்னம் இரண்டும் ரோஸ் கலரில் உப்பிய அந்த ரப்பர் முகமூடி. ஒவ்வொரு வருடமும் வீடு வீடாகப் பாடிப்போகும் கேரல்ஸ் குழுவில் நீ போட்டுக்கொண்டு ஆடுகிற கிறிஸ்மஸ் தாத்தா வேஷம்.

“அம்மா, இதைக் கொஞ்சம் போட்டுப் பாரேன்.”

“ஏன், தையல் எங்கயாவது பிரிஞ்சிருக்கா?”

“இல்லம்மா. இன்னிக்குச் சாயங்காலம் நம்ம தெரு ரவுண்டு. தாத்தா நீதான்.”

“அடப் பாவி! புத்தி கித்தி கெட்டுப் போச்சா? உங்கப்பா போயி இன்னும் வருஷம் திரும்பல. அத்தைக்குத் தெரிஞ்சா என்னை வெட்டிப் பொலி போட்டுடுவா!”

“யாருக்குத் தெரியப்போவுது? மூஞ்சிக்கு முகமூடி, கைக்கு கிளவுஸ், காலுக்கு என் ஷூ. நீ வாயைத் திறக்காம இருந்தா போதும்.”

“அதுதான்டா என்னால முடியாது!”

நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. “உனக்குச் சந்தோஷம் வரலன்னா வரவேணாம்மா. நான் உன்னைச் சிரிக்கச் சொல்லல. அதான் முகமூடி சிரிச்சுக்கிட்டே இருக்கே. நீ பாட்டுக்கு உள்ள அழுதுக்க. வெளிய நாலு பேருக்குக் கொடுத்துட்டு வந்துடு, போதும்.” உன் அப்பா இருந்திருந்தால் அவரிடமாவது முறையிட்டிருப்பேன்.

என் வயிற்றில் என் தலையணையையே கட்டினாய். பின்வாசல் வழியாக என்னைக் கடத்திக்கொண்டு போய்த் தெருமுனையில் குழுவோடு சேர்த்தாய். தாத்தா உன் ஆபீஸ் நண்பன், தொண்டை கட்டிவிட்டது, பேசமாட்டான் என்று எல்லோரிடமும் ஏற்கெனவே அளந்துவைத்திருந்தாய். முகமூடிக்குள் ஒரே ரப்பர் நாற்றம். மூச்சு விட்டால் தாடிப் பஞ்சு வாய்க்குள் போகிறது. காதர் பாய் மகன் நசீர்தான் வழக்கம்போல டிரம். தினமும் காலையில் “ஆன்ட்டி, நல்லாருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போகிற அந்தப் பிள்ளை, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உன்னிடம் கேட்டான்: “இன்னா அருளு, தாத்தா இவ்ளோ குள்ளமா கீறாரு? ரேஷன்ல வாங்கினியா?”

முதல் வீட்டு வாசலில் நான் மின்கம்பம் மாதிரி நின்றேன். கால் எழவில்லை. பாட்டின் முதல் வரியும் இரண்டாம் வரியும் முடிந்துவிட்டன. நசீர் டிரம் குச்சியால் என் முதுகில் ஒரு தட்டு தட்டினான். “ஆடு மச்சான்! சுரூபம் மாரி நின்னுகினு கீற! சனங்க பார்க்குதுல்ல?” எனக்கு வந்ததே கோபம்! நான் மச்சானாடா உனக்கு? கைக்குழந்தையாக இருந்தபோது உன்னைத் தூக்கி வளர்த்தவளைக் குச்சியால் தட்டுகிறாயா? வாயைத் திறக்க முடியாதே, அந்தக் கோபம் எங்கே போகும்? காலுக்குப் போய்விட்டது. என் முதல் அடி சந்தோஷத்தில் வைத்தது இல்லை மகனே, சத்தியமாகக் கோபத்தில் வைத்ததுதான்.

ஆனால் ஒரு வீடு, இரண்டு வீடு என்று போகப்போகக் கால் தன் பாட்டுக்கு ஆடத் தொடங்கிவிட்டது. ஏகாம்பரம் அண்ணன் வீட்டில் நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. நம் தெருவே ஒரு காலத்தில் அவர் குடும்பத்து வயல். எப்போது பார்த்தாலும் கால்வாய் அடைப்பைப் பற்றியே புலம்புகிற மனிதர். நான் இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரே இறங்கிவிட்டார். “அட்ரா சக்கை! தாத்தாவுக்கு இடுப்புல ஸ்பிரிங் கீதுபா!” என்று கத்தினார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டே சிரித்தாள். வயிற்றில் கட்டிய தலையணை அப்போது பார்த்து முதுகுப் பக்கம் நழுவ, நான் அதை இழுத்து முன்னால் விட, தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. உள்ளே எனக்கும் பீறிட்டு வந்துவிட்டது. முகமூடிக்குள் என் சிரிப்புச் சத்தம் என் காதிலேயே மோதியது. யாரோ தெரிந்தவர் குரல் மாதிரி இருக்கிறதே என்று ஒரு கணம் நின்றுவிட்டேன்.

அடுத்தது நம் வீடு. தெரு முழுக்க நட்சத்திரம் மினுமினுக்க, நம் வீடு மட்டும் இருட்டாக இருந்தது. கேட் அருகில் வந்ததும் யாரும் சொல்லாமலே பாட்டு நின்றது. நசீர் டிரம்மை இறக்கிக் கீழே வைத்தான். துக்க வீட்டு முன் மேளம் கூடாது, மெல்ல ஒரு ஜெபம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும், அதுதான் குழுவின் முறை. அவன் என் காதருகே வந்து, இதுவரை இல்லாத பணிவான குரலில் சொன்னான்: “மச்சான், இங்க ஆடாத. துக்க வூடு. ஆன்ட்டி உள்ள தனியா குந்திக்கினு இருப்பாங்க. மன்சு கஷ்டப்படும்.”

என் வீட்டை நான் அப்படி வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. எனக்காகத் தெரு தலைகுனிந்து நிற்கிறது. பிள்ளைகள் எனக்காக முணுமுணுவென்று ஜெபம் சொல்கிறார்கள். உள்ளே ஒரு பொம்பளை இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நானே நம்பினேன்! அவளை நினைத்து எனக்கு அப்படி ஒரு பரிதாபம் வந்தது, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவளுக்கு யாருமே ஆடிக் காட்டமாட்டார்களா, இவள் வாசலை மட்டும் எல்லோரும் தாண்டித்தான் போகவேண்டுமா என்று தோன்றியது. மேளம் இல்லை, பாட்டு இல்லை. நான் ஆடினேன். முகமூடிக்குள் கண்ணீரும் வியர்வையும் ஒன்றாக வழிய, நம் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டே ஆடினேன்.

நசீர் பாய்ந்து வந்து என் கையை முறுக்கினான். “சொன்னா புரியாது உனக்கு? எங்க ஆன்ட்டிடா அவங்க!” வலி உயிர் போயிற்று, ஆனாலும் அந்தப் பிள்ளையை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நீதான் அவன் கையை விலக்கினாய். “விடு நசீரு, ஆடட்டும்” என்றாய். அந்த நேரத்தில்தான் ஜெசி அத்தை தன் வீட்டுக் கேட்டைப் படாரென்று திறந்துகொண்டு வந்தாள்.

“யாருப்பா இந்த ஆளு? எங்க அண்ணன் வீட்டு வாசல்ல கூத்தடிக்கிறது?” என்றாள். அவள் நேரே என் முன்னால் வந்து, முகமூடியின் கண் ஓட்டைகளுக்குள் பார்த்தாள். அவ்வளவுதான், முடிந்தது கதை என்று நினைத்தேன். நாளைக்குக் கோயில் வாசலில் என்ன பேசுவார்கள், உன்னை என்ன பேசுவார்கள் என்றெல்லாம் ஓடியது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். “தாத்தாவுக்குத் தண்ணி குடுத்து அனுப்பறேன், நில்லுங்க எல்லாரும்” என்று சொல்லிவிட்டு என்னைத் தன் வீட்டுக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் வாங்காமல் நின்றேன். “அந்த முகமூடியைத் தூக்குங்க அண்ணி. மூச்சு வாங்குது உங்களுக்கு” என்றாள்.

முகமூடியைத் தூக்கினேன். “எப்படி ஜெசி தெரிஞ்சுது?”

“மேளமே இல்லாம அந்த வாசல்ல நின்னு ஆட உங்களை விட்டா வேற யாருக்கு அண்ணி உரிமை இருக்கு?” என்றவள் என் தோளில் சாய்ந்துவிட்டாள். அடக்கத்தன்றுகூட நாங்கள் இருவரும் ஒன்றாக அழவில்லை, ஆளுக்கொரு மூலையில்தான் அழுதோம். அன்றைக்கு அவள் கண்ணீரெல்லாம் தாடிப் பஞ்சில்தான் போயிற்று. பிறகு அவளே என் முகத்தைத் துடைத்து, முகமூடியை இழுத்து மாட்டி, தலையணையை நேராக்கி, கதவைத் திறந்து குரல் கொடுத்தாள்: “நசீரு, என்னப்பா பார்த்துக்கிட்டு நிக்கிற? அடி மேளத்தை! தாத்தாவுக்கு இன்னும் எவ்ளோ வீடு இருக்கு!” அதற்குப் பிறகு இந்த ஒரு வருடத்தில் அவள் அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. என்னிடம்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மகனே, உன்னைப் பெற்றதற்காக நான் எத்தனையோ தடவை பெருமைப்பட்டிருக்கிறேன். நீ பாஸானபோது, வேலை கிடைத்தபோது, விமானம் ஏறியபோது. ஆனால் அன்று சாயங்காலம் பட்ட பெருமைக்குப் பக்கத்தில் அதெல்லாம் நிற்காது. அம்மா துக்கத்தில் இருக்கிறாள், பாவம், விட்டுவிடுவோம் என்று நீ ஒதுங்கவில்லை. உன் இடத்தையே எனக்குக் கொடுத்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நடந்து வந்தாய். யாருக்கு வரும் அந்த மனசு? ஆகவே நீ சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன், வாங்கிக்கொள். உனக்குச் சந்தோஷம் வரவில்லை என்றால் வரவேண்டாம். வரும்வரை அறையில் உட்கார்ந்து காத்திருக்காதே. உனக்கு ரவா கேசரி கிண்டத் தெரியும். கிண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டு. பாஷை தெரியாது என்று சாக்குச் சொன்னால் உதைப்பேன். நான் ஒரு தெரு முழுக்க வாயைத் திறக்காமல் ஆடியவள். திறக்கிற கதவு திறக்கட்டும், திறக்காத கதவுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டு அடுத்த கதவுக்குப் போ. அங்கேயும் யாரோ ஒருவர் இருட்டில் உட்கார்ந்துகொண்டு, எல்லோரும் நம் வாசலைத் தாண்டிப் போகிறார்களே என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். இந்த வருடம் நம் வீட்டில் நட்சத்திரம் கட்டியாயிற்று, நசீர் வந்துதான் ஏறிக் கட்டினான். ஆனால் வருடம் திரும்பிய பிறகும் ஜெசி அத்தை வீட்டில் மட்டும் எதுவும் இல்லை. கேட்டால் “மனசு வரல அண்ணி” என்பாள், அதோடு பேச்சை மாற்றிவிடுவாள். எனக்குக் கூடாது கூடாது என்று சொன்னவள் தனக்குச் சொல்லிக்கொண்டதை எடுக்கத் தெரியாமல் தவிக்கிறாள். நேற்று நீ பேசி முடித்து, பொங்கிய பாலை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து நிலைப்படியில் நின்றாள். நிற்கிறாள், போகவும் இல்லை, உட்காரவும் இல்லை.

“அண்ணி, இந்த ஞாயித்துக்கிழமைதானே நம்ம தெரு ரவுண்டு?” என்றாள்.

“ஆமா.”

“அருளும் ஊர்ல இல்ல. தாத்தாவுக்கு யாரு?”

“தெரியல. ஆள் தேடிக்கிட்டிருக்காங்க.”

சேலை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, “அந்தச் செவப்பு டிரஸ்ஸு எனக்குப் பத்துமா?” என்று கேட்டாள்.

நான் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சேலைக்கு மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு, முகமூடியையும் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் போய் நின்றாள். வெளியே அந்த ரோஸ் கன்னம் சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து சின்னப் பிள்ளை மாதிரி ஒரு குரல் வந்தது.

“அண்ணி, நான் ஆடினா அண்ணன் கோச்சுக்குமா?”

உன் அப்பா சார்பாக நான் என்ன பதில் சொல்வது? துடைத்துக்கொண்டிருந்த துணியை ஓரமாகப் போட்டுவிட்டுக் கை தட்டத் தொடங்கினேன். முதலில் அவள் அசையவே இல்லை. நான் நிறுத்தாமல் தட்டினேன். மெல்ல மெல்ல, ஒரு காலை மட்டும் தூக்கி வைத்து, உன் அத்தை ஆடினாள்.

உன்னை நினைத்தபடி,
அம்மா